இதயம் தொட்ட கதை – 9: மூட அல்ல, திறக்க!

சென்ற இதழில், 1938 ஆகஸ்ட் 26 அன்று பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ராபர்ட் கிராஸ் என்ற இளம் மருத்துவர் செய்த துணிச்சலான அறுவை சிகிச்சையைப் பார்த்தோம். பிறந்த சில நாட்களில் தானாகவே மூடிக்கொள்ள வேண்டிய ‘டக்டஸ்’ என்ற சிறு ரத்தக் குழாய், 7 வயதுச் சிறுமி ஒருத்திக்கு மூடாமல் இருந்தது. கிராஸ் அவள் நெஞ்சைத் திறந்து, அந்தக் குழாயைக் கட்டி மூடினார். சிறுமி பிழைத்தாள். பிறவி இதயக் கோளாறையும் அறுவை சிகிச்சையால் தீர்க்க முடியும் என்ற நம்பிக்கை அதன் பிறகுதான் மருத்துவ உலகில் துளிர்த்தது.

அந்தச் செய்தி பரவிய பின் பால்டிமோர் நகரிலிருந்து ஒரு பெண் மருத்துவர் கிராஸைப் பார்க்க வந்தார். அவர் கேட்டது நேர் எதிரான ஒன்று. மூடாத டக்டஸை மூடத் தெரிந்த கைகளுக்கு, டக்டஸ் மூடிப்போன குழந்தைக்கு அதேபோன்ற ஒரு குழாயைப் புதிதாக உண்டாக்கித் தரவும் முடியுமா என்று கேட்டார். கிராஸ் அக்கறை காட்டவில்லை. இருக்கும் கோளாறைச் சரிசெய்யவே வழி தேடிக்கொண்டிருந்தவருக்கு, இல்லாத ஒன்றை உண்டாக்கச் சொல்வது விபரீதமாகப் பட்டிருக்க வேண்டும். வந்தவர் வெறுங்கையோடு திரும்பினார். அவர் பெயர் ஹெலன் டாசிக்.

அந்த விபரீத யோசனைதான் ஆறே ஆண்டுகளில் இதய அறுவை சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

நீல நோய்

டாசிக்கின் கவலை முழுவதும் ‘நீலக் குழந்தைகள்’ பற்றியது. இந்தக் குழந்தைகளின் உதடு, நாக்கு, நகக்கண் எல்லாம் நீலம் பாரித்திருக்கும். பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும். அழுதால் நீலம் கருமையாகும். சில நேரம் நினைவே தப்பும். விரல் நுனிகள் உருண்டு தடித்திருக்கும். நடக்கத் தொடங்கிய பிள்ளை நாலு எட்டு வைத்ததும் சட்டென்று குந்தி உட்காரும். மூச்சு சற்று நிதானப்பட்டதும் எழுந்து இன்னும் நாலு எட்டு வைக்கும்.

குந்தி உட்காரும்படி அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. முழங்காலை மடக்கிக் குந்தும்போது கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் நெருக்கப்படுகின்றன. உடலுக்குள் போகும் வழியில் தடை கூடுவதால், ரத்தத்தில் ஒரு பங்கு நுரையீரல் பக்கம் திரும்புகிறது. ஆக்சிஜன் கொஞ்சம் ஏறுகிறது. பேச்சு வராத வயதிலேயே அந்த உடல் தனக்கான முதலுதவியைக் கண்டுபிடித்து வைத்திருந்தது.

இந்த நோயை மனிதர்கள் வெகு காலமாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த உடற்கூறு அறிஞர் நீல்ஸ் ஸ்டென்சன், 17-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சிசுவின் இதயத்தில் இந்த அமைப்பைக் கண்டு எழுதிவைத்தார். அதன் பின் 200 ஆண்டுகளுக்கு மேல், ஆங்காங்கே சில பிரேதப் பரிசோதனைக் குறிப்புகள்தான். 1888-இல் பிரான்ஸின் மார்செய் நகரத்து மருத்துவர் ஆர்த்தர் ஃபாலோ, ‘நீல நோய்’ என்ற தலைப்பில் தொடர் கட்டுரைகள் எழுதினார். இறந்துபோன நீல நோயாளிகளின் இதயங்களைத் திறந்து பார்த்தபோது ஒரே விதமான நான்கு குறைகள் திரும்பத் திரும்ப அவர் கண்ணில் பட்டன.

ஒன்று, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வாசல் குறுகியிருந்தது. இரண்டு, இதயத்தின் இரு கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை இருந்தது. மூன்று, உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி இடப்பக்கம் மட்டும் நிற்காமல், அந்த ஓட்டைக்கு நேர் மேலே இரு அறைகளுக்கும் பொதுவாக நின்றது. நான்கு, குறுகிய வாசல் வழியாக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி, வலது கீழறையின் தசை தடித்துப் போயிருந்தது.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் நீலம் எப்படி வருகிறது என்பது விளங்கும். உடல் முழுக்கச் சுற்றி ஆக்சிஜனை இழந்த ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் வந்து சேர்கிறது. அங்கிருந்து அது நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாகி வர வேண்டும். ஆனால் வாசல் குறுகல். பக்கத்துச் சுவரிலோ ஓட்டை. ஆகவே ரத்தத்தின் பெரும் பங்கு நுரையீரலுக்கே போகாமல், ஓட்டை வழியாக மகாதமனிக்குள் புகுந்து உடலுக்குத் திரும்பிவிடுகிறது. ஆக்சிஜன் ஏறாத ரத்தம் கருஞ்சிவப்பு; தோலின் வழியே அது நீலமாகத் தெரியும். அதுதான் உதட்டிலும் நகத்திலும் தெரிகிறது. ஆக்சிஜன் போதாததை உணரும் உடல், சிவப்பணுக்களை மேலும் மேலும் உற்பத்தி செய்கிறது. ரத்தம் குழம்பாகிறது, கட்டிகளாக உறைகிறது, பக்கவாதம்கூட வருகிறது.

அதுவரை பல மருத்துவர்கள், இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே இருக்கும் துளை மூடாததால்தான் நீலம் வருகிறது என்று நம்பியிருந்தார்கள். அது காரணமல்ல என்று ஃபாலோ நிறுவினார். உயிரோடு இருக்கும் நோயாளியைப் பார்த்தே நோயைச் சொல்ல முடியும் என்றும் காட்டினார். ஆனால் சொல்லி என்ன செய்வது? இதயத்தைத் தொடவே அஞ்சிய காலம் அது. பெயர் தெரிந்த பின்னும் நோய்க்கு மருந்தில்லை.

ஒதுக்கப்பட்டவரின் அருங்காட்சியகம்

ஃபாலோவுக்கும் டாசிக்குக்கும் நடுவே இன்னொரு பெண் நிற்கிறார். கனடாவின் மான்ட்ரியல் நகரைச் சேர்ந்த மாட் அபட். பெண் என்பதற்காக மெக்கில் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு அவருக்கு இடம் மறுத்தது. அதே ஊரிலிருந்த பிஷப்ஸ் கல்லூரியில் படித்து மருத்துவரானார். பிறகு, இடம் தராத அதே மெக்கில், தன் மருத்துவ அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவருக்குக் கொடுத்தது. புட்டிகளில் ஊறிக்கொண்டிருந்த உறுப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலை. யாரும் போட்டிக்கு வராத வேலை.

அபட் அந்தப் புட்டிகளிலிருந்து ஒரு துறையையே எடுத்தார். பிறவியிலேயே கோளாறான இதயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வகைப்படுத்தினார். புகழ்பெற்ற மருத்துவ மேதை வில்லியம் ஆஸ்லர், தாம் பதிப்பித்த பெருநூலில் பிறவி இதய நோய் பற்றிய அத்தியாயத்தை அவரிடமே ஒப்படைத்தார். 1936-இல் அபட் வெளியிட்ட படத்தொகுப்பில் 1000 நோயாளிகளின் விவரங்கள் இருந்தன. எத்தனை வகைக் கோளாறு உண்டு, ஒவ்வொன்றிலும் ரத்தம் எந்த வழியில் போகிறது என்று ஒரு வரைபடம் முதல்முறையாக மருத்துவர்கள் கைக்கு வந்தது.

ஆனாலும் அது இறந்தவர்களின் இதயங்களைக் கொண்டு போட்ட வரைபடம். அதை உயிருள்ள குழந்தையின் நெஞ்சுக்குள் பார்க்க ஒருவர் தேவைப்பட்டார்.

விரல்களால் கேட்டவர்

ஹெலன் டாசிக் 1898-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். தந்தை ஹார்வர்டில் பொருளாதாரப் பேராசிரியர். 11 வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். எழுத்துகள் குழம்பும் டிஸ்லெக்சியா இருந்ததால் வாசிப்பே அவருக்குப் பெரும் போராட்டம். ஹார்வர்டில் மருத்துவம் படிக்க விரும்பினார். பெண்களுக்கு அங்கே பட்டம் தருவதில்லை. சில வகுப்புகளில் உட்கார அனுமதி கிடைத்தபோதும், ஆண் மாணவர்களிடம் பேசக் கூடாது, தனியே ஒரு மூலையில் உட்கார வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. கடைசியில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சேர்ந்து 1927-இல் பட்டம் பெற்றார். 1930-இல், அங்கே குழந்தை மருத்துவத் துறைத் தலைவரான எட்வர்ட்ஸ் பார்க், ஹேரியட் லேன் குழந்தைகள் பிரிவின் இதய நோய்க் கிளினிக்கை அவர் பொறுப்பில் விட்டார்.

அந்தச் சமயத்தில் டாசிக்கின் காது கேட்கும் திறன் குறைந்துகொண்டே வந்தது. இதய மருத்துவருக்கு ஸ்டெதஸ்கோப்தான் எல்லாம் என்றிருந்த காலத்தில் இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. அவர் விரல்களைக் காதாக்கிக்கொண்டார். குழந்தையின் நெஞ்சில் விரல் நுனிகளை மெல்ல வைத்து, இதய முணுமுணுப்பின் அதிர்வை உணரப் பழகினார். ஃப்ளூரோஸ்கோப் என்ற எக்ஸ்ரே திரைக்கு முன் குழந்தையை நிறுத்தி, இப்படியும் அப்படியுமாகத் திருப்பித் திருப்பி, துடிக்கும் இதயத்தின் நிழலைப் பார்த்தார். எந்த அறை பெருத்திருக்கிறது, நுரையீரலில் ரத்தக் குழாய்களின் நிழல் அடர்த்தியா வெளிறலா என்று குறித்துக்கொண்டார். குழந்தை இறந்துபோனால் பிரேதப் பரிசோதனை முடிவோடு தன் குறிப்பை ஒப்பிட்டார். இப்படியே ஆண்டுக்கணக்காக.

அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. நீலக் குழந்தைகளில் சிலர் பிறந்த சில நாட்கள் ஓரளவு நன்றாகவே இருந்தார்கள். பிறகு திடீரென மோசமானார்கள். இன்னும் சிலர் எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம் தாக்குப்பிடித்தார்கள். எதனால் என்று டாசிக் துருவினார். நன்றாக இருந்த குழந்தைகளுக்கெல்லாம் டக்டஸ் திறந்திருந்தது. அது மூடியபோதுதான் நிலைமை சீர்கெட்டது.

கருவில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதனால் நுரையீரலுக்குப் போகத் தேவையில்லாத ரத்தத்தை மகாதமனிக்குத் திருப்பிவிட டக்டஸ் என்ற குழாய் இருக்கிறது. பிறந்த பின் அதற்கு வேலையில்லை, மூடிக்கொள்கிறது. ஆனால் நீலக் குழந்தையிடம் அது திறந்திருந்தால் ரத்தம் அதன் வழியே எதிர்த்திசையில், மகாதமனியிலிருந்து நுரையீரலுக்குப் பாய்கிறது. குறுகிய வாசலால் போக முடியாத ரத்தம் கொல்லைவழியாகப் போய்ச் சேர்ந்து ஆக்சிஜன் ஏற்றிக்கொள்கிறது.

இதிலிருந்து டாசிக் எடுத்த முடிவில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. இந்தக் குழந்தைகள் இறப்பது இதயம் களைத்துப்போவதால் அல்ல. நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாததால். அப்படியானால் இதயத்தைத் தொடாமலே அவர்களைக் காப்பாற்றலாம். மதகு அடைத்துக்கொண்டால், பக்கத்து வாய்க்காலிலிருந்து ஒரு மடை வெட்டி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லையா? அதுதான் யோசனை. அதோடுதான் அவர் பாஸ்டனுக்குப் போனார், அதோடுதான் திரும்பினார்.

தச்சர் மகன்

1941-இல் ஆல்ஃப்ரெட் பிளாலாக் என்ற அறுவை மருத்துவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குத் துறைத் தலைவராக வந்தார். விபத்திலும் போரிலும் அடிபட்டவர்கள் அதிர்ச்சி நிலைக்குப் போய் ஏன் இறக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து பெயர் பெற்றவர் அவர். வரும்போது தம் ஆய்வக உதவியாளரையும் கையோடு அழைத்துவந்தார். அந்த உதவியாளர் விவியன் தாமஸ்.

தாமஸ் 1910-இல் லூசியானாவில் பிறந்து, டென்னசியின் நாஷ்வில்லில் வளர்ந்த கறுப்பினத்தவர். தந்தை தச்சர்; மகனும் அந்தத் தொழிலைக் கற்றார். மருத்துவம் படிக்க வேண்டும் என்ற கனவோடு கூலியில் மிச்சம் பிடித்து வங்கியில் போட்டு வந்தார். 1929-இன் பொருளாதார வீழ்ச்சியில் தச்சு வேலை போயிற்று. 1930 பிப்ரவரியில், தற்காலிகமாக இருக்கட்டும் என்று வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளாலாக்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு வங்கியும் திவாலானது. சேமிப்போடு கல்லூரிக் கனவும் போயிற்று.

ஆய்வகத்தில் அவர் அறுவை முறைகளையும் வேதியியல் சோதனைகளையும் உடலியங்கியலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கற்றுத் தேறினார். சில ஆண்டுகளில் சோதனைகளைத் திட்டமிட்டு, தாமே அறுவை செய்து, முடிவுகளைப் பதிவு செய்யும் ஆய்வாளராகவே ஆகிவிட்டார். பல்கலைக்கழகப் பதிவேட்டில் மட்டும் அவர் துப்புரவுப் பணியாளர். சம்பளமும் அதற்கேற்றபடிதான். டெட்ராய்ட்டின் ஒரு பெரிய மருத்துவமனை பிளாலாக்குக்குப் பதவி தர முன்வந்தது. கறுப்பினத்தவரை வேலைக்கு எடுப்பதில்லை என்றது. தாமஸ் இல்லாமல் வர முடியாது என்று பிளாலாக் அந்தப் பதவியை உதறினார். பின்னால் பிளாலாக்கைப் பற்றிக் குறை சொல்ல நேரும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வாண்டர்பில்ட்டில் இருவரும் 1938-இல் ஒரு சோதனை செய்திருந்தார்கள். நாயின் கைக்குப் போகும் தமனியை வெட்டித் திருப்பி, நுரையீரல் தமனியோடு தைத்தார்கள். நுரையீரலில் ரத்த அழுத்தம் கூடுகிறதா என்று பார்ப்பது நோக்கம். அழுத்தம் எதிர்பார்த்தபடி கூடவில்லை, சோதனை தோற்றது. ஆனால் தைக்கும் முறை கையில் நின்றது. டாசிக் வந்து நுரையீரலுக்கு எப்படியாவது கூடுதல் ரத்தம் வேண்டும் என்று சொன்னபோது, அந்தத் தோற்றுப்போன சோதனையில் விடை காத்திருந்தது.

நாய்களோடு இரண்டு ஆண்டுகள்

வேலை தாமஸிடம் வந்தது. அவர் முதலில் அபட்டைப் போலவே அருங்காட்சியகத்துக்குத்தான் போனார். டாசிக் சேர்த்துவைத்திருந்த கோளாறான இதயங்களைப் பல நாட்கள் பார்த்துப் படித்தார். பிறகு நாய்களிடம் நீல நோயின் நிலையை உண்டாக்க வழி தேடினார். ஃபாலோவின் நான்கு குறைகளையும் ஒரு நாயின் இதயத்தில் அப்படியே உண்டாக்க முடியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும் நிலையையாவது உண்டாக்கினால்தான், புதிய இணைப்பு அதைச் சரிசெய்கிறதா என்று பார்க்கலாம். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் சுமார் 200 நாய்களில் அவர் அறுவை செய்தார். நெடுங்காலம் பிழைத்திருந்த முதல் நாயின் பெயர் ஆனா. அவளுடைய படம் பின்னாளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சுவரில் இடம்பெற்றது. இந்தச் சிகிச்சையால் பிழைத்த குழந்தைகள் அந்த நாய்களுக்கும் கடன்பட்டவர்கள்.

மெல்லிய ரத்தக் குழாய்களைத் தைப்பதற்கென்று தனிக் கருவிகள் கடையில் கிடைக்காத நாட்கள் அவை. ஆய்வகத்தில் இருந்த ஊசிகளையும் இடுக்கிகளையும் தாமஸ் வெட்டி, வளைத்து, தீட்டித் தமக்கு வேண்டியபடி செய்துகொண்டார். தச்சுப்பட்டறையில் பழகிய கை அங்கே உதவியது.

1944 நவம்பர் 29

டாசிக்கின் வார்டில் 15 மாதப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. எடை 4 கிலோவைச் சுற்றித்தான். பிறந்த குழந்தையைவிடச் சற்றுத்தான் அதிகம். ஆக்சிஜன் கூடாரத்துக்கு வெளியே அதனால் இருக்க முடியவில்லை. அறுவை செய்தால் இறக்கலாம். செய்யாவிட்டால் இறப்பது உறுதி.

இந்த அறுவையை பிளாலாக் தனியாக நாயிடம்கூடச் செய்து முடித்ததில்லை. தாமஸுக்கு உதவியாளராக நின்றதோடு சரி. அறுவை நாளன்று தாமஸ் மாடியில் ஆய்வகத்திலேயே இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தார். பிளாலாக் ஆள் அனுப்பி அவரை வரவழைத்தார். தம் வலது தோளுக்குப் பின்னால், பார்ப்பதற்கு வசதியாக ஒரு முக்காலிமேல் நிற்கச் சொன்னார். எதிரே வில்லியம் லாங்மயர் உதவிக்கு நின்றார். இளம் பயிற்சி மருத்துவராக டென்டன் கூலி இருந்தார். 1969-இல் மனித உடலில் முதல் முழுச் செயற்கை இதயத்தைப் பொருத்தப்போகிறவர் இவர்தான். குழந்தையின் தலைமாட்டில் டாசிக் நின்றார்.

இடப்பக்க நெஞ்சைத் திறந்தார்கள். இடது கைக்குப் போகும் சப்க்ளேவியன் தமனியைத் தேடிப் பிரித்தெடுத்து, அதன் தூரப் பகுதியைக் கட்டி, வெட்டினார்கள். கைக்கு ரத்தம் போக வேறு கிளைகள் உண்டு, கை வாடிவிடாது. வெட்டிய முனையைக் கீழே திருப்பி, இடது நுரையீரல் தமனியின் பக்கவாட்டில் போட்ட துளையோடு இணைக்க வேண்டும். நாய்களிடம் பார்த்த குழாய்களைவிட இந்தக் குழந்தையின் குழாய்கள் மிக மெல்லியவை. பட்டு நூலால் ஒவ்வொரு தையலாகப் போட்டபடி, இது சரியா, இந்தத் திசையா, அந்தத் திசையா என்று பிளாலாக் தோளுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தார். முக்காலிமேல் நின்றவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். சட்டப்படி எந்த நோயாளியையும் தொட உரிமை இல்லாத ஒருவர், அந்த அறையிலேயே அந்த அறுவையை முழுதாக அறிந்திருந்த ஒரே மனிதராக இருந்தார்.

இடுக்கிகளை எடுத்தபோது ரத்தம் புதிய பாதையில் பாய்ந்தது. குழந்தை உடனே ரோஜா நிறம் ஆகிவிடவில்லை. பல நாட்கள் இழுபறியாகக் கிடந்து, மெல்லத் தேறி, சுமார் இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குப் போனது. ஆனால் சில மாதங்களில் நீலம் திரும்பியது. 1945-இல் மீண்டும் அறுவை செய்தும் அந்தக் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

அதற்குள் வழி பிறந்துவிட்டது. 1945 பிப்ரவரியில் இன்னும் இரண்டு குழந்தைகளுக்கு அறுவை நடந்தது. மூன்றாவதாக வந்த 6 வயதுச் சிறுவன் நடக்கவே முடியாத நிலையில் இருந்தவன். இடுக்கிகளை எடுத்ததும் அவனுடைய கருநீல உதடுகள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தன. டாசிக் தம் வாழ்நாள் முழுக்க மறக்காத காட்சி அது. அதே ஆண்டு மே மாதம், அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் பிளாலாக்கும் டாசிக்கும் இணைந்து எழுதிய கட்டுரை வந்தது. உலகெங்குமிருந்து பெற்றோர் நீலக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பால்டிமோருக்கு வந்து குவிந்தார்கள். 1951-க்குள் அங்கே 1000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை நடந்தது. ஐரோப்பிய மருத்துவர்கள் வந்து கற்றுப் போனார்கள். பிளாலாக் 1947-இல் லண்டன் சென்று செய்து காட்டினார்.

கட்டுரையில் இல்லாத பெயர்

அந்த 1945 கட்டுரையில் விவியன் தாமஸின் பெயர் எங்குமே இல்லை. அறுவைக்கு ‘பிளாலாக்–டாசிக் ஷண்ட்’ (மாற்றுப்பாதை) என்று பெயராயிற்று. கறுப்பினத்தவருக்குத் தனி வாசலும் தனிக் கழிப்பறையும் இருந்த மருத்துவமனையில், வெள்ளைக் கோட்டோடு நடந்த தாமஸைப் பார்த்துத் தாழ்வாரத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. பிளாலாக் வீட்டு விருந்துகளிலேயே மது பரிமாறும் வேலைக்குப் போய்க் கூடுதல் வருமானம் தேடினார். பகலில் அவரிடம் தையல் போடக் கற்ற மருத்துவர்களே அந்த விருந்தாளிகள். இதை மாற்றும் செல்வாக்கு பிளாலாக்குக்கு இருந்தது. போதிய அளவு அவர் அதைப் பயன்படுத்தவில்லை. அறுவை அறையில் தம் தோளுக்குப் பின்னால் இடம் தந்தவர், கட்டுரையில் ஒரு வரி இடம் தராதது அநீதி.

திருத்தம் மெல்லத்தான் வந்தது. 1971-இல், தாமஸிடம் பயின்ற அறுவை மருத்துவர்கள் கூடி அவருடைய ஓவியத்தை வரையச் செய்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மாட்டவைத்தார்கள். 1976-இல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அறுவை சிகிச்சை பயிற்றுநராகவும் நியமித்தது. 1985 நவம்பரில் அவர் இறந்த சில நாட்களில் அவருடைய தன்வரலாறு அச்சாகி வந்தது. 2004-இல் ‘சம்திங் தி லார்ட் மேட்’ என்ற திரைப்படம் அவர் கதையை உலகுக்குச் சொன்னது. இன்று பல மருத்துவர்கள் இதை ‘பிளாலாக்–தாமஸ்–டாசிக் ஷண்ட்’ என்றே குறிப்பிடுகிறார்கள். இந்தத் தொடரிலும் இனி அப்படித்தான்.

டாசிக்குக்கும் உரியது தாமதமாகவே கிடைத்தது. முழுப் பேராசிரியர் பதவி 1959-இல்தான் வந்தது. 1965-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். அவரிடம் பயின்றவர்கள் பல நாடுகளுக்கும் போனார்கள். பர்மாவில் பிறந்து, போர்க்காலத்தில் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குத் தப்பிவந்த பத்மாவதி அவர்களில் ஒருவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டாசிக்கிடம் கற்று, 1950-களில் டெல்லிக்கு வந்து, இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவரானார். 2020-இல், 103 வயதில் மறைந்தார்.

முடியாத வேலை

ஷண்ட் ஒரு நிவாரணமே தவிர நிவர்த்தி அல்ல. நான்கு குறைகளும் இதயத்துக்குள் அப்படியே இருக்கின்றன. அவற்றோடு வாழ ஒரு மாற்றுப்பாதை கிடைக்கிறது, அவ்வளவுதான். ஓட்டையை அடைத்து, வாசலை அகலப்படுத்த வேண்டுமானால் துடிக்கும் இதயத்தை நிறுத்தித் திறக்க வேண்டும். அதுவரை உடலுக்கு ரத்தம் யார் தருவது? குழந்தையின் பெற்றோரையே பக்கத்து மேசையில் படுக்கவைத்து, அவர் இதயத்தைக் கொண்டே குழந்தையின் உடலுக்கும் ரத்தம் ஓடச்செய்த மின்னசோட்டா மருத்துவர் வால்டன் லில்லிஹையின் கதை அடுத்த இதழில் வரும். 1954-இல் ஃபாலோவின் நான்கு குறைகளையும் உள்ளிருந்தே முதலில் சரிசெய்தவர் அவர்தான்.

இன்று பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் வயதை ஒட்டியே முழுச் சீரமைப்பு அறுவை நடக்கிறது. அதற்கு உடல் தயாராகாத பச்சிளம் குழந்தைகளுக்கு ஷண்ட் இன்னும் கைகொடுக்கிறது. கைத் தமனியை வெட்டாமல், கோர்டெக்ஸ் என்ற செயற்கைப் பொருளால் ஆன சிறு குழாயை இடையில் தைக்கிறார்கள். பிறந்த சில மணி நேரத்தில் நீலம் பாரிக்கும் சிசுவுக்கு, டக்டஸ் மூடாமலிருக்க புரோஸ்டாகிளாண்டின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். 1970-களின் நடுவில் வந்த மருந்து இது. திறந்தே இருந்தால் பிழைக்கும் என்று டாசிக் கண்டுசொன்னதை, கத்தியே இல்லாமல் செய்துகாட்டும் மருந்து.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் சுமார் 8 பேருக்கு ஏதோ ஒரு பிறவி இதயக் குறை இருக்கிறது. ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பிறந்த குழந்தையை வீட்டுக்கு அழைத்துவருமுன், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரால் ஆக்சிஜன் அளவு பார்த்தார்களா என்று கேளுங்கள். பால் குடிக்கையில் வியர்த்துக் களைத்துப்போகும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, அழுதால் உதடும் நாக்கும் நீலமாகும் குழந்தை, ஓடி விளையாடும்போது குந்திக்கொள்ளும் பிள்ளை, இவர்களில் யாரைக் கண்டாலும் வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். திடீரென்று நீலம் கூடினால் முழங்காலை மார்போடு மடக்கிப் பிடித்தபடி மருத்துவமனைக்கு ஓடுங்கள். அரசின் பள்ளி, அங்கன்வாடி மருத்துவக் குழுக்கள் இந்தக் குறைகளைக் கண்டறியவே வருகின்றன. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவைக்கும் இடம் உண்டு. 1944-இல் ஒரே ஓர் ஊரில், ஒரே ஓர் அறையில் கிடைத்த சிகிச்சை இன்று சென்னையிலும் வேலூரிலும் கிடைக்கிறது. காலத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் நம் வேலை.

(தொடரும்)